கான்கிரீட் காய்வதில்லை: சூளையிலிருந்து சென்ட்ரிங் பிரிக்கும் நாள் வரை

கான்கிரீட்டை உடைத்துச் சம்பளம் வாங்கியவள் நான். சோதனைக்கூடத்தில் 11 வருடம். கட்டுமான இடங்களிலிருந்து வரும் 15 சென்டிமீட்டர் கனசதுரங்களை ஒவ்வொன்றாக அமுக்கு இயந்திரத்துக்குள் தள்ளி, எத்தனை டன்னில் உடைகிறது என்று நோட்டில் எழுதுவதுதான் வேலை. சாதாரண வீட்டுத் தளத்துக்கான தரம் என்றால், அந்தச் சின்னக் கட்டி 28-ஆம் நாளில் கிட்டத்தட்ட 46 டன் தாங்க வேண்டும். பல கட்டிகள் தாங்கின. சில 25 டன்னிலேயே கையை விரித்தன.

உடைந்த பிறகுதான் கட்டி பேசும். நல்ல கட்டியில் ஜல்லியே குறுக்காகப் பிளந்து கிடக்கும்; பசை கல்லை விடவில்லை என்று அர்த்தம். மோசமான கட்டியில் ஜல்லி முழுசாக உருண்டு வெளியே வரும், பல் விழுந்த ஈறு மாதிரி அந்த இடத்தில் குழி மட்டும் இருக்கும். அனுப்பியவரைப் போனில் விசாரித்தால், "சிமெண்டு மட்டம் மேடம்" என்றுதான் முதலில் சொல்வார். இன்னும் ரெண்டு கேள்வி கேட்டால் உண்மை வரும்: தண்ணீர். கலக்கும்போது கூடிப்போயிருக்கும், இல்லையென்றால் கொட்டிய பிறகு கொடுத்திருக்க மாட்டார்கள். பின்னால் நான் சைட் மேற்பார்வைக்குப் போனபோது கையோடு கொண்டுபோன பாடம் இதுதான். ஆகவே இந்தக் குறிப்பும் தண்ணீரைச் சுற்றியே போகும்.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். "கான்கிரீட் காஞ்சிடுச்சா?" என்று கேட்கிறோம். துணி காயும், சேறு காயும். காய்ந்த சேற்றில் தண்ணீர் ஊற்றினால் மறுபடி சேறுதான். கான்கிரீட் அப்படியில்லை, தண்ணீருக்கு அடியிலேயே இறுகும். சிமெண்டும் தண்ணீரும் வேதிவினையில் சேர்ந்து புதுக் கல்லாகிறது, அந்தத் தண்ணீர் கல்லின் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. சிமெண்டுக்கு இந்தத் தாகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள சூளைக்குப் போக வேண்டும்.

சூளையில் வந்த தாகம்

சுண்ணாம்புக்கல் நாலு பங்கு, களிமண் ஒரு பங்கு என்பது சுமாரான கணக்கு. களிமண்ணிலிருந்து சிலிக்காவும் அலுமினாவும் வரும். இரும்பு போதவில்லை என்றால் கொஞ்சம் இரும்புத்தாதும் சேர்ப்பார்கள். பாறையை நொறுக்கிக் கலந்து நைசான மாவாக அரைத்து, உயரமான கோபுரத்தின் உச்சியில் விடுகிறார்கள். மாவு அடுக்கடுக்கான புனல்கள் வழியே இறங்க, சூளையின் சூடான புகை எதிர்த்து மேலே ஏறுகிறது. கீழே வந்து சேர்வதற்குள் மாவு 900 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்து, சுண்ணாம்புக்கல் தன்னிடமிருந்த கரியமில வாயுவை விட்டுவிடும். சுத்தமான சுண்ணாம்புக்கல் 1,000 கிலோவில் 440 கிலோ இப்படி வாயுவாகவே போய்விடும். மிஞ்சுவது 560 கிலோ. மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது என்பதற்குக் காரணம் எரிபொருள் மட்டுமல்ல, பாதிக்கு மேல் இந்தக் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. எந்த எரிபொருளை மாற்றினாலும் அது போகாது.

அடுத்தது சுழலும் சூளை. சற்றே சாய்த்து வைத்த பெரிய எஃகுக் குழாய், உள்ளே தீச்செங்கல் பதித்தது, நிமிடத்துக்கு மூன்று நான்கு சுற்று. கீழ்முனையில் தீ நாக்கு 2,000 டிகிரி. உள்ளே போகும் பொருள் 1,450 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் மாவில் ஏறக்குறைய கால்வாசி உருகிக் குழம்பாகி, மீதியைப் பிடித்து உருட்டி, கோலிக்குண்டு அளவில் கருஞ்சாம்பல் உருண்டைகளாக்கிவிடும். அதுதான் கிளிங்கர். சூடாக இருக்கும் சூளையைச் சுற்றாமல் அப்படியே விட்டால் தன் எடையிலேயே குழாய் வளைந்துபோகும். மின்சாரம் போனாலும் தனி இன்ஜின் போட்டு மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கிளிங்கரை ஆறவிடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காற்றடித்துச் சட்டென்று குளிரவைக்க வேண்டும், கொல்லர் பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்குவதைப் போல. மெதுவாக ஆறினால், உச்ச சூட்டில் உருவான டிரைகால்சியம் சிலிக்கேட் பழையபடி குலையத் தொடங்கும். முதல் மாதத்துப் பலம் பெரும்பாலும் அந்தக் கனிமம் தருவது. கூடவே இருக்கும் டைகால்சியம் சிலிக்கேட் நிதானமான ஆள். மாதக்கணக்கில் பலத்தைக் கூட்டிக்கொண்டே போவான்.

கடைசியாக, கிளிங்கரோடு 3 முதல் 5 சதவீதம் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். ஜிப்சம் இல்லாவிட்டால் தண்ணீர் பட்ட சில நிமிடங்களிலேயே கலவை விறைத்துவிடும், பாண்டுச் சட்டியில் அள்ளக்கூட நேரம் இருக்காது. அரைத்த சிமெண்ட் ஒரு கிலோவின் துகள்கள் எல்லாவற்றின் மேற்பரப்பையும் கூட்டினால் 300 சதுர மீட்டர் போல வரும். அவ்வளவு வாய்கள், அவ்வளவு தாகம்.

மூட்டையில் 'போர்ட்லண்ட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து அது கம்பெனிப் பெயரா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை. 1824-இல் இங்கிலாந்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியபோது, இறுகிய பிறகு அது போர்ட்லண்ட் தீவின் கட்டடக்கல் போலத் தெரிந்ததால் வைத்த பெயர். ஆனால் அவர் எரித்த சூடு கிளிங்கர் உருகும் அளவுக்கு இல்லை. அந்த உச்ச சூட்டுக்கு ஆட்கள் போனது 1840-களில்தான். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் தண்ணீருக்கடியில் இறுகும் என்பதை அதற்கும் முன்னாலேயே, 1750-களில், கடலுக்குள் எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்டப்போன ஜான் ஸ்மீட்டன் கண்டுபிடித்துவிட்டார். எல்லா முறையும் தண்ணீர்தான் மனிதர்களைத் தேட வைத்திருக்கிறது.

மூட்டை, மணல், ஜல்லி

இப்படி உயிரைக் கொடுத்து வறட்டிய பொடியை ஈரச்சுவரில் சாய்த்து வைத்தால், அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத் தன் வேலையை மூட்டைக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். மூன்று மாதத்தில் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடலாம். பலகை போட்டுத் தரையைவிட்டு ஒரு சாண் உயரத்தில், சுவரைவிட்டு ஓரடி தள்ளி அடுக்குங்கள். பத்து மூட்டைக்கு மேல் உயரம் வேண்டாம். தயாரித்த வாரத்தை மூட்டையில் பாருங்கள், முதலில் வந்ததை முதலில் பிரியுங்கள். உள்ளே கட்டி இருந்தால் விரலால் நசுக்கிப் பாருங்கள். பொடிந்தால் அடுக்கின் பாரத்தில் இறுகிய கட்டி, பரவாயில்லை. பொடியாவிட்டால் அந்த மூட்டை தளத்துக்கு ஆகாது.

மணலுக்கு இரண்டு சோதனை போதும், இரண்டுக்கும் ஒரு கண்ணாடி பாட்டில்தான் கருவி. பாட்டிலில் பாதி மணல், மேலே உப்புக் கரைத்த தண்ணீர், நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் ஆடாமல் வையுங்கள். மணலின் மேல் வண்டல் தனிப் பட்டையாகப் படியும். அது மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் கழுவாமல் போடாதீர்கள். வண்டல் கல்லுக்கும் பசைக்கும் நடுவே புகுந்துவிடும். நான் பார்த்த பொக்கைவாய்க் கட்டிகளில் பாதிக்கு அது காரணம்.

இரண்டாவது சோதனையை யாரும் செய்வதில்லை, எனக்கு அதில் தீராத வருத்தம். ஈரமணல் உப்பும். ஒவ்வொரு மணல் துகளைச் சுற்றியும் தண்ணீர்ப் படலம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். 5 சதவீத ஈரம் இருந்தாலே கொள்ளளவு கால் பங்கு கூடிவிடும். நீங்கள் ஒன்றரைப் பெட்டி மணல் என்று அளந்தால் உள்ளே உண்மையில் இருப்பது 1.2 தான். பாட்டிலில் ஈரமணலைக் கொட்டி உயரத்தைக் குறியுங்கள். எடுத்துவிட்டு பாதித் தண்ணீர் ஊற்றி, அதே மணலை அதற்குள் போட்டுக் கிளறி அமரவிடுங்கள். எத்தனை இறங்கியதோ அத்தனை உப்பல். அந்தக் கணக்குப்படி மணலைக் கூடுதலாகப் போடுங்கள்.

ஜல்லி 20 மில்லிமீட்டருக்குள், முனை உள்ளதாக இருக்கட்டும். தட்டையாகச் சில்லுச்சில்லாக வந்தால் திருப்பி அனுப்புங்கள். தண்ணீர், குடிக்கத் தகுந்ததாக. கடல் நீர் கம்பியைத் தின்னும்.

அளப்பது

50 கிலோ சிமெண்ட் மூட்டை கிட்டத்தட்ட 35 லிட்டர் கொள்ளளவு. அதனால் உள்ளளவு 40 × 35 × 25 சென்டிமீட்டரில் ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். அதுவும் சரியாக 35 லிட்டர். ஒன்று, ஒன்றரை, மூன்று விகிதத்துக்கு, மூட்டை ஒன்றுக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி. சிமெண்டைப் பெட்டியில் அளக்காதீர்கள், முழு மூட்டையாகவே போடுங்கள். சட்டிக் கணக்கு வேண்டவே வேண்டாம். காலையில் கோபுரமாக இருக்கும் சட்டி மதியத்துக்கு மேல் தலைதட்டிவிடும். சித்தாளுக்கும் கை வலிக்குமில்லையா.

இந்த விகிதத்தில் ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை பிடிக்கும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனத் தளம் என்றால் 0.6 கன மீட்டர், 5 மூட்டை.

இப்போது தண்ணீர். வேதிவினைக்கு உண்மையில் வேண்டியது சிமெண்ட் எடையில் கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு. நுண்துளைகளில் பிடித்துவைக்கப்படுவதையும் சேர்த்தால் 40 சதவீதத்தைத் தொடும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் நம் கை நோகாமல் இருக்கத்தான். அந்த உபரித் தண்ணீர் பின்னால் வெளியேறும்போது தான் இருந்த இடத்தை வெற்றுத் துளையாக விட்டுப்போகும். இதை 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ரம்ஸ் எண்ணில் எழுதிவைத்தார்: தண்ணீர், சிமெண்ட் விகிதம் கூடக் கூடப் பலம் சரியும். மூட்டைக்கு 25 லிட்டரை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். மணலில் 5 சதவீத ஈரம் இருந்தால் அதிலேயே நாலு லிட்டர் வந்துவிடுகிறது. மிச்சம் 21 லிட்டர்தான் ஊற்ற வேண்டும்.

எனக்கும் ஒரு மேஸ்திரிக்கும் இதில் நடந்த சண்டை ஒன்று. "கொஞ்சம் இளக்கமா இருந்தாத்தான் ஓடும் மேடம், முப்பது வருசமா செய்றேன்" என்றார். "சரிண்ணே, ரெண்டையும் கட்டி போட்டுப் பார்த்துடலாம்" என்றேன். அளந்த கலவையில் மூன்று கட்டி, அதிலேயே மூட்டைக்குப் பத்து லிட்டர் கூட்டி அவர் இஷ்டப்படி மூன்று கட்டி. 28-ஆம் நாள் அவரையே இயந்திரத்துக்கு முன்னால் நிறுத்தினேன். முதல் மூன்றின் சராசரி 64 டன். மற்றது 40. அவர் ஒன்றும் சொல்லவில்லை. உடைந்த துண்டு ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த தளத்தில் அரை லிட்டர் கூட்டிய பையனை அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

மிக்சரில் முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு ஜல்லி, மணல், சிமெண்ட், மீதித் தண்ணீர். எல்லாம் உள்ளே போனபிறகு முழுசாக இரண்டு நிமிடம் சுற்றட்டும். கையால் கலப்பதானால் தகரத்தின் மேல், முதலில் மணலும் சிமெண்டும் ஒரே நிறம் வரும்வரை வறட்சியாக. சிமெண்ட் பத்து சதவீதம் கூட்டுங்கள்.

பதம் பார்க்க ஒரு கூம்பு போதும்: 30 சென்டிமீட்டர் உயரம், அடி 20, வாய் 10. மூன்று அடுக்காக நிரப்பி ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை நேராக உயர்த்துங்கள். தளத்துக்கான கலவை 7 முதல் 10 சென்டிமீட்டர் இறங்கி உட்கார வேண்டும். அப்படியே சரிந்து ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது.

கொட்டுவது

கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இழுவிசைப் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் இழுபடும் பக்கத்தில் கம்பி. சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நீள்வதால் கட்டு விடாது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். ஆனால் கம்பியின் மேல் போதிய கனத்தில் கான்கிரீட் இருந்தால்தான் அந்தக் காவல். தளத்தில் 20 மில்லிமீட்டர், தூணில் 40 மில்லிமீட்டர் கவர் பிளாக், அதாவது கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் சின்னக் கட்டை, வைத்துக் கட்டுங்கள். ஜல்லியை முட்டுக்கொடுத்து "கவர் வச்சாச்சு" என்பவரை நம்பாதீர்கள். முதல் ஆள் ஏறி நடந்ததும் ஜல்லி நகர்ந்து கம்பி பலகையில் படுத்துவிடும்.

கலந்த அரை மணிக்குள் கொட்டி முடிக்கப் பாருங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து கொட்டினால் ஜல்லி தனியாக, பசை தனியாகப் பிரியும். கலவை இறுக ஆரம்பித்துவிட்டதென்று மேலே தண்ணீர் தெளித்து இளக்குவது பெருங்குற்றம். அதைத் தூக்கிப் போடுவதே மேல்.

கலவையை அதிரவைத்துக் காற்றை வெளியேற்றும் வைப்ரேட்டர் ஊசியை நேராக இறக்கி, காற்றுக் குமிழி நின்று மேற்பரப்பு மினுங்கத் தொடங்கியதும் மெதுவாக உருவுங்கள். சில நொடிகள்தான். வேகமாக உருவினால் ஊசி போன தடம் ஓட்டையாக நிற்கும். அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றால் ஜல்லி அடியில் போய்த் தண்ணீர் மேலே வரும். ஊசியால் கலவையைப் பக்கவாட்டில் தள்ளுவது எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். தள்ள மண்வெட்டி இருக்கிறது. உள்ளே 5 சதவீதம் காற்று தங்கினாலே பலத்தில் 30 சதவீதம் வரை போகும் என்பதால் இந்த வேலைக்கு அனுபவசாலியை நிறுத்துங்கள், புதுப் பையனை அல்ல.

கொட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் கசிந்து நிற்கும். அது மறையும்வரை கரணையைத் தொடாதீர்கள். அவசரத்தில் உலர்ந்த சிமெண்டைத் தூவி உறிஞ்சவைத்துத் தேய்த்தால், மேலே ஒரு மெல்லிய தோல் உண்டாகிப் பின்னாளில் செதிலாக உதிரும்.

கை, முழங்கால் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈர சிமெண்டின் காரம் தோலை வேகவைக்கும், முதலில் வலிக்காது. கால்சட்டையில் ஊறிய கலவையோடு மண்டியிட்டு மட்டம் பார்த்த ஒருவருக்கு மறுநாள் முழங்காலில் தோல் கருகிப் புண்ணானதை நான் பார்த்திருக்கிறேன். ரப்பர் பூட்ஸ், கையுறை. பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

தண்ணீர் கொடுப்பது

கலக்கும்போது கஞ்சத்தனம், கொட்டிய பிறகு தாராளம். இதை நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இறுகிய கான்கிரீட்டுக்குள் ஈரம் குறைந்தால் வினை அந்த இடத்திலேயே நின்றுவிடும். சிமெண்ட் மிச்சம் இருந்தும் பலம் ஏறாது. வெயிலும் காற்றும் சேர்ந்தால் முதல் சில மணி நேரத்திலேயே மேலே கோடுகோடாக வெடிக்கும், அதனால் தேய்த்து முடித்ததும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுங்கள். மறுநாள் ஓரங்களில் பாத்தி கட்டி, தளம் முழுக்க மூன்று நாலு சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்துங்கள். தூணுக்குச் சாக்கு சுற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது 7 நாள். நிலக்கரிச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமெண்ட் என்றால், அல்லது வெப்பமான வறண்ட காலம் என்றால், 10 முதல் 14 நாள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் ஹோஸ் பிடிப்பதைத் தண்ணீர் கொடுத்த கணக்கில் சேர்க்காதீர்கள். நடுவில் நாலு மணி நேரம் வெயிலில் வெளுத்துக் கிடந்தால், நனைவதும் உலர்வதுமாகச் சேர்ந்து மேற்பரப்பில் விரிசலைத்தான் வளர்க்கும்.

சரியாகக் கவனித்தால் 7-ஆம் நாளில் 28 நாள் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கும்.

பிரிப்பது

சென்ட்ரிங் என்பது கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகையும் முட்டும். தூண், பீம் இவற்றின் பக்கப் பலகைகளை ஒரு நாள் போனதும் கழற்றலாம். கழற்றிய உடனே சாக்கு. தளத்தின் அடியில் நிற்கும் முட்டுகள் 4.5 மீட்டர் வரையான அகலத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கடியில் 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21. இது சாதாரண சிமெண்டுக்கும் மிதமான வெப்பத்துக்கும் சொன்ன நாள். குளிர்காலத்தில், கலப்பு சிமெண்டில், இன்னும் பொறுங்கள். மேலே செங்கல்லையும் மணலையும் குவித்துவைத்துக்கொண்டு கீழே முட்டுகளைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் மேலே உள்ள பாரத்தை இறக்குங்கள்.

இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்த தளம் என்றால் நடுவிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கிப் பிரியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு, பால்கனி என்றால் தொங்கும் நுனியிலிருந்து ஆரம்பித்துச் சுவர்ப்பக்கம் வாருங்கள். முட்டுகளை ஒரே அடியில் தட்டிவிடாமல், ஆப்பைத் தளர்த்தி, ஐந்து நிமிடம் நின்று, அடிப்பக்கம் விரிசல் ஏதும் கண் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.